பென்டிரைவில் போன சாவி

போன மாதம் அலுவலகத்தில் புது டெஸ்க்டாப் வந்தது. பழையதில் இருந்ததையெல்லாம் பென்டிரைவில் ஏற்றி, உபுண்டு போட்ட புதியதில் இறக்கினேன். எஸ்எஸ்எச் சாவி இருக்கும் மறைவான ஃபோல்டரும் கூடவே வந்தது. மாலையில் கிட் புஷ் கொடுத்தால், 'பெர்மிஷன் டினைட்'.

சமூகவியல் படித்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு குரல் எனக்குள்ளேயே கேட்டது. 'அனுமதி இல்லை' என்றால் காரணம் கேட்காமல் ஒதுங்கிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் கருப்புத் திரை முன்னாலும் வருகிறது.

பாஸ்வேர்டு போட்டு அனுப்பலாம் என்றால் வழியில்லை. கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் பாஸ்வேர்டை ஏற்பதில்லை.

விவரம் தெரிந்த நண்பர், "அந்த பிரைவேட் கீயை வாட்ஸப்ல அனுப்புங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார். அனுப்பவும் போய்விட்டேன். நல்லவேளை, நிறுத்தினேன். பப்ளிக் கீ பூட்டு மாதிரி, யாரிடமும் தரலாம். பிரைவேட் கீதான் சாவி. அதை நண்பருக்கும் தரக்கூடாது.

பிறகுதான் கடைசி வரிக்கு மேலே இருந்ததைப் படித்தேன். சாவிக் கோப்பின் அனுமதி 0644, எல்லோரும் படிக்கலாம், அதனால் இந்தச் சாவியை ஏற்கமாட்டேன் என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் லினக்ஸின் கோப்பு அனுமதிகளைக் காப்பதில்லை. சிஎச்மாட் கட்டளையில் 600 கொடுத்தேன். இனி என் கணக்கு மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும். புஷ் போய்விட்டது.

சந்தோஷம் ஐந்து நிமிடம்தான். அந்தப் பென்டிரைவ் எங்கே? கைமாறிக் கைமாறி ஜெராக்ஸ் கடைவரை போய் வந்திருந்தது. சாவிக்கு பாஸ்ஃபிரேஸும் நான் வைக்கவில்லை. எங்கள் ரெப்போவில் கூலி பற்றிப் பெண்கள் சொன்ன பதில்கள் இருக்கின்றன. பெயரை நீக்கியிருந்தாலும், ஊர்க்காரர் படித்தால் யார் பேசியது என்று கண்டுபிடித்துவிடுவார். அடுத்த நாள் வேலை போவது அந்தப் பெண்ணுக்குத்தான்.

அன்றிரவே பழைய சாவியைக் கணக்கிலிருந்து நீக்கினேன். இடி25519 வகையில் புதிய சாவி உருவாக்கி, பாஸ்ஃபிரேஸ் வைத்தேன்.

தோழர்களே, கம்ப்யூட்டர் மாற்றினால் சாவியைத் தூக்கிப் போகாதீர்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் புதிதாக ஒன்று உருவாக்குங்கள், ஒரு நிமிட வேலை. பிழை வந்தால் முதல் வரியிலிருந்து படியுங்கள். நம்மை நம்பிப் பேசியவர்களின் சொல் அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது.