கல்லைப் புரட்டுகிறவன் கவனத்துக்கு

ஜெய்சல்மேர் பக்கம் பாலைவனத்தில் கனிமம் தேடுகிற வேலை எனக்கு. "தங்கமா எடுக்கறே?" என்று ஊரில் கேட்பார்கள். இல்லை சார், வெறும் கல்! கல்லைப் புரட்டுவது எங்கள் பிழைப்பு. கல்லுக்கு அடியில் குடித்தனம் நடத்துவது சுருட்டை விரியன். தகராறே அங்கேதான்.

ஆள் ஒரு முழம்தான். மணலில் புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கிட்டே போனால் உடம்பைச் சுருட்டித் தேய்த்து, எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி 'சர்ர்ர்'!

எங்கள் ஜீப் டிரைவர் உள்ளூர்க்காரர். முதல் நாளே பாடம் எடுத்துவிட்டார்: "சாப், கையை நீட்டறதுக்கு முன்னாடி குச்சியை நீட்டுங்க." கல்லின் எதிர்ப்பக்க ஓரத்தைக் கம்பியால் தூக்க வேண்டும். அப்போதுதான் கல் நடுவில் கேடயமாக நிற்கும். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் போடக் கூடாது. ராத்திரி கயிற்றுக் கட்டில், கொசுவலை. ஒன்றுக்குப் போனாலும் டார்ச்.

'அதான் விஷமுறிவு மருந்து இருக்கே, என்ன பயம்?' என்பீர்கள். அந்த மருந்துக்கான விஷம் பெரும்பாலும் நம் வடநெம்மேலி இருளர்கள் பிடிக்கிற பாம்புகளிடமிருந்து போகிறது. ராஜஸ்தான் சுருட்டையோ வேறு கிளை. அதன் கடிக்கு இந்த மருந்து சரியாகக் கேட்பதில்லை என்று ஜோத்பூர் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதற்காக மருந்தை விட முடியுமா? கடித்தால் கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல் நேரே ஆஸ்பத்திரிதான். எங்கள் கூடாரத்திலிருந்து அது 3 மணி நேரம்.

ஆகவே, இப்போதைக்கு எங்களுக்குக் குச்சிதான் குலதெய்வம்!