இதைப் படிச்சா என்ன வேலை சேர்?



உயர்தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இசட் புள்ளி போதாவிட்டால் சில வீடுகள் மௌத்து வீடு மாதிரி ஆகிவிடுகின்றன. பிள்ளை சுற்றாடல் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால், "குப்பையப் பத்திப் படிக்கவா கம்பஸ் போற?" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

தோமஸ் கிரேடல் என்ற அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் முதலில் படித்தது இரசாயனப் பொறியியல். கலாநிதிப் பட்டம் வானியலில். பிறகு பெல் ஆய்வுகூடத்தில் 27 வருடங்கள், வளிமண்டல இரசாயனமும் உலோக அரிப்பும். 1997இல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் கைத்தொழில் சூழலியல் பேராசிரியரானார். ஓர் உலோகம் மண்ணிலிருந்து எவ்வளவு வருகிறது, எந்தப் பொருளுக்குள் போகிறது, கடைசியில் எங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்ப்பதே அந்தத் துறையின் முக்கிய வேலை.

அவர் தலைமையிலான குழு ஐ.நா. சுற்றாடல் திட்டத்துக்காக 2011இல் ஓர் அறிக்கை கொடுத்தது. ஆராய்ந்த 60 உலோகங்களில், பாவித்து முடிந்த பின் பாதிக்கு மேல் மீள்சுழற்சிக்கு வருபவை 18 மட்டுமே. 34 உலோகங்களில் ஒரு வீதம்கூடத் திரும்பி வருவதில்லை. நம் கைத்தொலைபேசித் திரையில் உள்ள இன்டியமும் அதில் ஒன்று. துளித்துளியாகக் கலந்திருப்பதால் பிரித்தெடுப்பது கடினம். இரும்பும் பித்தளையும் வாங்க வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார். இன்டியத்துக்கு யார் வருவார்?

டென்மார்க்கில் கலுன்பொர்க் என்றொரு சிறு நகரம். அங்கே மின்நிலையத்தின் நீராவி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அதன் புகையைச் சுத்திகரிக்கும்போது கிடைத்த ஜிப்சம் சுவர்ப்பலகை செய்யப் போனது. ஒருவரின் கழிவு இன்னொருவரின் மூலப்பொருள். வீண்விரயம் கூடாது என்று ஜும்ஆக்களில் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய பாடமா?

நம் புல்மோட்டையைப் பாருங்கள். அந்தக் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது. பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டைஒக்சைட்டு அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் மணலைப் பிரித்து, பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேற்றுகிறோம். அந்த மணல் இன்னும் எத்தனை காலத்துக்கு? கரைக்கு என்ன நடக்கும்? ஊருக்கு எவ்வளவு மிஞ்சும்? இதைக் கணக்குப் பார்க்க நம் பிள்ளைகளில் ஒருவர் வேண்டாமா?

பட்டம் முடித்த கையோடு வேலை கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி நீண்ட பாதை. புலமைப்பரிசில் தேட வேண்டும், சிலவேளை வெளிநாடு போக வேண்டும். ஆனால் கிரேடலின் பாதையும் நேர்கோடாக இருக்கவில்லை.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்தும்போது பேனையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பக்கத்தில் இருந்து துஆச் செய்யுங்கள். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில்.