திண்ணையில் ஓர் அமானிதம்

அழகர்கோவில் சாலையோரச் சிற்றூர் ஒன்றின் மத்ரஸாவில் நாம் பாடம் நடத்தி வருகிறோம். எமது மஹல்லாவில் சுபுஹ் தொழுகையின் முதல் ஸஃப்பைத் தவறவிடாத பெரியவர் ஒருவர் உண்டு. மனைவியார் வஃபாத்தான பின் அவர் பள்ளிக்கு வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. பிள்ளைகள் இருப்பதோ வளைகுடாவில்.

நாம் அவரைக் காணச் சென்று, பொறுமையின் சிறப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். விடைபெறும்போது, "ஹஜ்ரத், நீங்க சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும்" என்றார். அவர் பேச ஒரு நிமிடமும் நாம் கொடுக்கவில்லை என்பது திரும்பும் வழியில்தான் உறைத்தது.

பின்னர், அவரைப் போலவே துணையை இழந்த இன்னொரு முதியவர் அஸருக்குப் பின் அவர் வீட்டுத் திண்ணையில் சென்று அமரலானார். உபதேசம் ஏதுமில்லை. "ராத்திரி தூக்கம் வருதாண்ணே?" என்பதே முதல் கேள்வி. சில வாரங்களில் இருவரும் சேர்ந்தே பள்ளிக்கு வந்தனர். நமது கல்வி செய்யாததை அவரது அனுபவம் செய்தது.

மகன் யூசுஃபைப் பிரிந்த துயரில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின. அது ஈமானின் குறைவன்று. எனில், நம் முதியோரின் கண்ணீரை மட்டும் நாம் ஏன் பொறுமையின்மை என்கிறோம்?

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில், மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006ஆம் ஆண்டு 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்தார். மருத்துவ நிலையத்தின் வெளியே மரப்பலகையில் அமர்ந்து, வருவோரின் மனச்சுமையைக் கேட்பதே அவர்களின் பணி. அதனால் மனச்சோர்வு குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. பலகைக்கு ஈடாக நமக்குத் திண்ணையும் பள்ளிவாசல் முற்றமும் இருக்கின்றனவே!

ஆயினும் நல்லெண்ணம் மட்டும் போதாது; பயிற்சி வேண்டும். குறுக்கிடாமல் கேட்பது, தீர்ப்புச் சொல்லாதிருப்பது, கேட்டதை அமானிதமாகக் காப்பது ஆகியவை முதற்பாடங்கள். உணவையும் மருந்தையும் ஒருவர் ஒதுக்கினாலோ, வாழ்வே வேண்டாமெனப் பேசினாலோ, இரகசியம் எனக் கருதாமல் உடனே குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் தெரிவிப்பது அடுத்த பாடம். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய இரண்டும் அவர்களுக்கு மனப்பாடமாக வேண்டும். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்களில் இருவரையும் பெண்களில் இருவரையும் தேர்ந்து, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் வழிகாட்டுதலுடன் பயிற்றுவிக்கலாம். இவ்வாண்டு எமது ஜமாஅத்தில் இக்கோரிக்கையை வைக்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

அதுவரை ஒன்று செய்வோம். இன்று உங்கள் பள்ளியின் ஸஃப்பில் எந்தப் பெரியவரின் இடம் காலியாக இருந்தது என்று பாருங்கள். அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். பேசுவதற்காக அல்ல, கேட்பதற்காக.