சம்பூருக்கு எத்தனை எழுத்து?

எங்கட ஊர்ப் பேரைக் கொடுத்து நீளம் கேட்டால் பைத்தான் 7 என்கிறது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதே 7. கோ, ரஸ்ட் இரண்டும் 21. ஸ்விஃப்ட் மட்டும் 4.

ஒன்றும் பொய் சொல்லவில்லை. யூனிகோடில் ச, ம, புள்ளி, ப, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21. ஆரக்கிள் தரவுத்தளத்தில் பைட்டா எழுத்தா என்று அலகைச் சொல்லாமல் 20 என்று பத்தி அமைத்தால் அது வழமையாகப் பைட்டைத்தான் எண்ணும். சம்பூர் உள்ளே போகாது! மைஎஸ்கியூஎல்லில் தாராளமாகப் போகும்.

நாலு மொழியில் ஒரே நிரல் எழுதுகிறவர்கள் அந்தந்த மொழியின் நீளக் கணக்கை நம்பவே கூடாது என்பது என் கட்சி. மெய்யெழுத்தோடு புள்ளியையும் உயிர்க்குறியையும் ஒட்டி எண்ணும் விதியை நாமே எழுத வேண்டும். பைத்தானில் முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் அதைச் செய்து தருகிறது. மற்ற மொழிகளுக்கு விதியைப் பெயர்க்கும்போது, சொல்லும் சரியான எண்ணிக்கையும் அடங்கிய ஒரே ஜேசன் கோப்பை எல்லாவற்றுக்கும் சோதனையாகக் கொடுங்கள். அதில் ‘பக்ஷி’ கட்டாயம் இருக்கட்டும். க்ஷ-வை ஓரெழுத்தாகக் கொண்டால் அது 2. ஸ்விஃப்டோ 3 என்று நிற்கும்.

‘ஸ்ரீ’ பற்றிக் கேட்காதீர்கள், அதை இரண்டு விதமாகத் தட்டச்சிடலாம்.