வடகடலா, தென்கடலா?

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கினால் வடக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு கணக்குத் தொடங்கிவிடும். கொழும்புக்குப் போவதென்றால் வான் வாடகை, அறை வாடகை, கடைச் சாப்பாடு, அதற்குமேல் போகிற இடமெல்லாம் தலைக்கு ஒரு கட்டணம். தாமரைக் கோபுரத்தை 2022 செப்டெம்பரில் திறந்தபோது 500 ரூபாய், 2000 ரூபாய் என்று இரண்டு வகைச் சீட்டு வைத்தார்கள். நாடே பெற்றோல் வரிசையில் நின்று களைத்த ஆண்டு அது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், கூடவே அம்மம்மா என்று பெருக்கிப் பார்த்தவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள். நீர்ச்சறுக்குப் பூங்காப் பக்கம் போனால் கணக்கு இன்னும் நீளும். கடைசியில் பிள்ளைக்குக் கிடைப்பது, "அடுத்த லீவுக்குப் பார்ப்பம்" என்ற பதில்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பாடும் இதுதான், நாணயம் மட்டும் வேறு. என் தங்கை குடும்பம் ரொறன்ரோவில். அங்கே வோன் நகரில் 1981 முதல் கனடாஸ் வொண்டர்லாண்ட் என்ற பெரிய பூங்கா இருக்கிறது. பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளைகள் அதைக் கேட்டே ஆளைக் கரைத்துவிடுவார்களாம். "சீட்டுக்கு ஒரு காசு, கார் விட ஒரு காசு, உள்ளுக்கை தண்ணிப் போத்திலுக்கும் ஒரு காசு அண்ணா" என்பாள். பேர்பெற்ற டிஸ்னிலாந்து 1955இல் கலிபோர்னியாவில் திறந்தபோது வாசலில் பெரியவர்களிடம் வாங்கியது 1 டொலர். விளையாட்டுகளுக்கு வேறாகச் சீட்டு எடுக்கவேண்டும். இன்று கூட்டமான நாட்களில் ஓராளுக்கு 200 டொலரையும் தாண்டுகிறது.

இவ்வளவு காசு எதற்குப் போகிறது என்று யோசித்திருக்கிறேன். ராட்டினத்துக்குப் பாதி போகலாம். மீதி, பெற்றோரின் தலையிடியை வாங்கிக்கொள்வதற்கு. கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, எத்தனை மணிக்கு எது நடக்கும், பிள்ளை எங்கே விழும் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்க அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. வாசலில் சீட்டு இல்லாத மன்னாருக்குப் பிள்ளைகளோடு போனால் அந்த யோசனை நம்முடைய தலையில்தான். ஆனால் அதைச் செய்துவிட்டால் செலவு பஸ் காசோடும் சாப்பாட்டோடும் நின்றுவிடும்.

முதலில் காற்று. மன்னார் பெருநிலத்தை ஒட்டித் தொடங்கி வடமேற்காக நீண்டு கிடக்கும் ஒடுக்கமான மணல் தீவு. ஒரு பக்கம் பாக்கு விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. ஓட்டோவில் ஏறினால் ஒரு கடலிலிருந்து மற்றக் கடலுக்குக் கொஞ்ச நேரம்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று தென்கரையைக் கிளப்பிவிடும். அந்த நாட்களில் வடகரை அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழ். வடகரை கலங்கும், கீரி, தாழ்வுபாடு பக்கம் கடல் அமரும். தொழிலுக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் கரை மாறுவார்கள். ஆகவே இங்கே குளிக்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டியது, இந்த மாதம் வடகடலா, தென்கடலா என்று. வலை பொத்திக்கொண்டிருக்கும் யாரிடமும் கேட்கலாம். "இப்ப தெற்குச் சரிவராது தம்பி, பிள்ளையளோடை பேசாலைப் பக்கம் போங்கோ" என்று சொல்லிவிடுவார். உயிர்காக்க ஆள் நிற்காத கரைகளில் அந்தச் சொல்லை மீறக்கூடாது.

"மாமா, இங்க என்ன ரைட் இருக்கு?" என்று தங்கையின் மகள் கேட்டாள், ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கிய கையோடு. அடுத்தநாள் விடியப் பேசாலைக் கரைக்குக் கூட்டிப்போனேன். படகுகள் வந்து சேரும் நேரம். திருக்கை, கணவாய், காலைக் கட்டிய நண்டு எல்லாம் மணலில் குவியக் குவிய ஏலம் நடக்கிறது. விலை கூறுகிறவரின் வேகத்துக்குத் தமிழ் தெரிந்த எனக்கே பிடிபடாது. அவளுக்கு அது ஒரு கூத்து. வாங்கிய நண்டு மத்தியானம் புட்டோடு இலையில் வந்தது. மார்கழி விடுமுறையில் வருகிறவர்களுக்குத் தென்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. கேட்டால் கயிற்றின் வாலைப் பிள்ளைகள் கையிலும் தருவார்கள். இதற்கெல்லாம் உயரம் அளந்து உள்ளே விடுகிற வழக்கம் இல்லை.

பறவைகளும் மார்கழிக்காரருக்குத்தான். மதவாச்சியிலிருந்து வரும் ஏ14 வீதி, தாம்போதியில் ஏறுமுன் வங்காலைச் சரணாலயத்தின் ஊடாகத்தான் வருகிறது. 2008இல் சரணாலயமாக்கப்பட்டது, 2010இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைக் கூட்டத்தை பஸ் யன்னலிலிருந்தே பார்க்கலாம். இறங்கி நின்று பார்க்க விரும்பினால் காலை ஏழு மணிக்குள் போங்கள். வெயில் ஏறினால் கானலில் பறவைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. மன்னாரில் கருவி பூட்டிவிட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் வடதுருவக் கரையில் உள்ள யமால் வரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். ஒரு உலகப்படத்தைக் கொண்டுபோய் அந்த வழியைப் பிள்ளையின் விரலால் கீறச் சொன்னால் அரைமணி நேரம் போய்விடும்.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தைச் சொல்லாவிட்டால் ஊரவர்கள் கோபிப்பார்கள். அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்பது கதை. உயரம் ஏழரை மீட்டர்தான், ஆனால் அடிமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். எத்தனை பிள்ளைகள் கைகோர்த்தால் சுற்றிப் பிடிக்கலாம் என்று ஒரு பந்தயம் வைத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். கழுதைகளும் அந்த வணிகர்களோடு வந்தவைதான் என்கிறார்கள். நகரத்துக்குள் நடுவீதியில் நிற்கும். பார்க்கலாம், படம் எடுக்கலாம். பிளாஸ்ரிக் பையோடு சாப்பாடு மட்டும் போடவேண்டாம். கோட்டைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, ஒல்லாந்தர் 1658இல் பிடித்தது என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த ஆண்டுகளுக்கு அங்கே ஒரு மதில் கிடைக்கும், அவ்வளவுதான். உள்ளே பெரும்பாலும் இடிபாடு.

தலைமன்னார் அப்படியல்ல. அதற்கு ஒரு முழு நாள் கொடுக்கவேண்டும், கூடவே கதை தெரிந்த ஒரு வயதானவரும் வேண்டும். 1914இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. கொழும்பில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, அந்தக் கரையில் மறுபடி ரயில் பிடித்துச் சென்னை எழும்பூரில் இறங்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பிறகும் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடி, எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றது. 1990இல் தண்டவாளமும் போனது. 2015 மார்ச் 14இல் ரயில் மறுபடி இறங்குதுறை வரை வந்தது. கொடியசைத்தவர் இந்தியப் பிரதமர் மோடி. பழைய இறங்குதுறையின் எலும்பு இன்னும் கடலுக்குள் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்றால் கைபேசி இந்தியாவுக்குள் வந்துவிட்டதாக நினைத்து வரவேற்புச் செய்தி காட்டும். பிள்ளைகளுக்கு அது ஒரு மாயவித்தை; பெரியவர்கள் ரோமிங்கை நிறுத்தி வைப்பது நல்லது. இந்தியாவை நோக்கிக் கடலில் நீளும் மணல்திட்டுகளைக் கிட்டப் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கடற்படையிடம் முதலே விசாரிக்கவேண்டும். கண்ட படகில் ஏறக்கூடாது.

போகிற வழியில் தென்கரை நெடுக காற்றாலைகள் நிற்கும். தம்பபவனி என்ற பெயரில் 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். மேலும் காற்றாலை வேண்டாம், கனிம மணல் அகழவேண்டாம் என்று 2025இல் மன்னார்ச் சனம் தெருவில் இருந்ததையும் அதே இடத்தில் அவர்களுக்குச் சொல்வேன். விளங்குகிற வயதுப் பிள்ளைக்கு மறைக்க என்ன இருக்கிறது?

தெற்கே அரிப்பில் அல்லிராணிக் கோட்டை. பெயர் கதைகளில் வரும் அல்லிராணிக்கு, கட்டிடம் பிரெடரிக் நோர்த்துக்கு. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் அவர். முத்துக்குளிப்பைப் பார்வையிட 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. பாதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சிய சுவர்களுக்குக் கிட்டப் பிள்ளைகளை விடவேண்டாம், தள்ளி நின்று கதை சொல்லுங்கள். கதை அவ்வளவு இருக்கிறது. ஒரு காலத்தில் பங்குனி, சித்திரையில் இந்தக் கரையில் ஒரு நகரமே முளைத்துக் கலையும். கீழக்கரை, தூத்துக்குடி, அராபியா என்று எங்கிருந்தெல்லாமோ முக்குளிப்பவர்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். சுறா அணுகாமல் மந்திரத்தால் வாயைக் கட்டும் கடல்கட்டி என்ற ஒருவர் இல்லாமல் யாரும் கடலில் குதிக்கமாட்டார்கள். அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அள்ளிய சிப்பியை அழுகவிட்டுத்தான் முத்து எடுப்பது. அந்த நாற்றத்தை 1906இல் இங்கே உத்தியோகம் பார்த்த லியோனார்ட் வூல்ஃப் எழுதிவைத்திருக்கிறார். நாற்றம் என்று சொன்னால் போதும், பிள்ளைகள் நெருங்கி வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் விடுமுறை என்ற சொல்லே வீட்டில் புழங்காத காலத்திலும் நம் சனத்துக்கு ஒரு விடுமுறை இருந்தது: மடுத்திருவிழா. ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தை மடுக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள் என்பது வரலாறு. ஓகஸ்ட் 6இல் கொடியேறி 15இல் பெருவிழா. யாழ்ப்பாணத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் மாட்டுவண்டியில் அரிசி, பருப்பு, சட்டி, பானை எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து மரத்தடியில் கொட்டில் போட்டுப் பத்து நாள் இருந்தார்கள். கல் மூன்று வைத்தால் அடுப்பு. வேதக்காரர் மட்டுமல்ல, சைவக்காரரும் வருவார்கள். தமிழும் சிங்களமும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டிலில் உப்பும் புளியும் மாறும். பிள்ளைகளுக்கு அந்தக் காடு முழுவதும் விளையாட்டுத் திடல். இன்று வண்டிக்குப் பதிலாக பஸ்ஸும் வானும், ஓலைக் கொட்டிலுக்குப் பதிலாகக் கூடாரம். மற்றபடி பழக்கம் அதேதான். யுத்த காலத்தில் இதே காட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் அகதியாக இருந்தார்கள், 1999 நவம்பரில் அடைக்கலம் தேடியிருந்த சனத்தின்மேல் எறிகணை விழுந்து பலர் செத்தார்கள். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து செபித்ததும் இதே முற்றத்தில்தான். அதையெல்லாம் தெரிந்த சனம்தான் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளோடு வந்து சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும்பிப் போகிறது.

அங்கே ஓர் இரவு தங்கினால் ஒன்று புரியும். பிள்ளைக்கு வேண்டியிருப்பது தன் வயதுப் பிள்ளைகள், அவசரப்படாத அப்பா அம்மா, இருட்டில் கொஞ்சம் பயம். தங்கையின் பிள்ளைகள் ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு பேசுவது பெருக்கமரத்தைப் பற்றி அல்ல. கூடாரத்துக்கு வெளியே குரங்கு பாணைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பற்றி.

சைவக் குடும்பங்களுக்குத் திருக்கேதீஸ்வரம் இதே வேலையைச் செய்கிறது. சிவராத்திரியில் பாலாவித் தீர்த்தத்தைச் சின்னக் குடத்தில் மொண்டு வந்து மகாலிங்கத்துக்குத் தன் கையால் ஊற்றும் பிள்ளை, கண்விழிக்கச் சொல்லாமலே விழித்திருக்கும். மடங்களில் இடம் கிடைத்தால் தங்குமிடச் செலவும் பெரிதாக வராது.

இனி, மன்னாரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் வழமையாக விட்டுவிடுகிற பகுதி. மத்தியான வெயிலில் இந்தத் தீவு பிள்ளைகளுக்கு ஆகாது. பதினொரு மணிக்கு வீட்டுக்குள் போய்விட்டு நாலு மணிக்கு வெளியே வருவதாக நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். ஓட்டோக்காரரிடம் ஏறுமுன் நாள்வாடகை பேசுங்கள். ரயில் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். திருத்த வேலை என்று பாதையை அடிக்கடி மூடுகிறார்கள். இதெல்லாம் நாம் சமாளிக்கக் கூடியவை. சமாளிக்க முடியாதது ஒன்றுதான்: பெண்பிள்ளைகளோடு ஒரு கரைக்குப் போனால் ஒதுங்க ஓர் இடமில்லை. சில இடங்களில் கட்டிடம் இருக்கிறது, பூட்டும் தொங்குகிறது, திறப்பு யாரிடம் என்று சொல்ல ஆளில்லை. என் வீட்டுப் பெண்கள் இந்தக் கரையில் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காசுள்ளவன் பூங்காவில் சீட்டு எடுத்து வாங்குவது இந்த ஒரு வசதியைத்தான். காசில்லாதவனுக்கு அதை ஊர்தான் கொடுக்கவேண்டும்.

அதனால் நகரசபைக்கும் பிரதேச சபைகளுக்கும் கேட்பது இவ்வளவுதான். புது நடைபாதை, வண்ண விளக்கு, "ஐ லவ்" என்று பெரிய எழுத்து எதுவும் வேண்டாம். கீரியிலும் பேசாலையிலும் தலைமன்னாரிலும் அரிப்பிலும் பூட்டுத் தொங்காத ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய், நிழலுக்கு நாலு பூவரசு, இந்த மாதம் எந்தக் கரையில் குளிக்கலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை. கழிப்பறையைக் கழுவுகிறவருக்காக இருபது ரூபாய் வாங்குங்கள், ஒருவரும் முணுமுணுக்கமாட்டார்கள். கடலுக்கு வாசல் வைத்துச் சீட்டுக் கிழிக்க மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.