கல்லை இழந்த கிராமம்

இங்கிலாந்தின் தென்மேற்கிலே டெவொன் என்றொரு பகுதி உண்டு. அதன் தென்கரையில், ஸ்டார்ட் முனையின் வெளிச்சவீட்டுக்கு அணித்தாக, ஹோல்சான்ட்ஸ் என்னும் சிற்றூர் இருந்தது. ‘இருந்தது’ என்று இறந்தகாலத்தில் எழுத நேர்ந்தது ஏன் என்பதே அவ்வூரின் வரலாறு.

1891ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி அங்கே 37 வீடுகளும் 159 மக்களும் இருந்தனர். பின்னால் செங்குத்தான மலைச்சரிவு, முன்னால் கடல், இடையே ஒடுங்கிய பாறைமேடையில் வரிசையாக வீடுகள். நண்டு பிடித்தலே மக்களின் முதன்மைத் தொழில். கடலிலிருந்து வள்ளங்கள் திரும்பும்போது, பழக்கப்பட்ட நாய்கள் நீந்திச் சென்று கயிற்றின் நுனியைக் கவ்விவருமாம். பின்னர் ஆணும் பெண்ணுமாக ஊரே கூடி நின்று வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்.

இவ்வூருக்கு அரணாயிருந்தது வீடுகளின் முன்னே பரந்து குவிந்து கிடந்த கூழாங்கற் கரையே. பொங்கிவரும் அலைகள் அக்கல்லிலே மோதி வலியிழந்து மீளும்.

அக்காலத்தில் பிளிமத் நகரையடுத்த கடற்படைத் துறையை விரிவாக்க அரசாங்கம் முற்பட்டது. கொங்கிறீற்றுக்குக் கல்லும் மணலும் பெருமளவில் வேண்டியிருந்தன. உத்தரவு பெற்று, 1897இல் ஊருக்கு எதிரேயுள்ள கடலடியிலிருந்து அவற்றை அள்ளத் தொடங்கினர். நாளொன்றுக்கு 1,600 தொன் வரையில் அள்ளப்பட்டது. கடற்றொழிலாளர் அஞ்சி முறையிட்டனர். விசாரணைக்கு வந்தோரோ, கரைக்குத் தீங்கு நேராதென்றும், எடுத்த கல்லைக் கடலே மீண்டும் கொண்டுவந்து சேர்க்குமென்றும் நம்பினர்.

அந்த நம்பிக்கையிலேதான் பிழை இருந்தது. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது அலைகளால் ஒதுக்கப்பட்டவை அக்கற்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த முதுசம் அது. புதிதாக வந்து சேரும் வரும்படியன்று. அள்ளிய குழியை நிரப்பக் கரையிலிருந்த கற்களே கீழே சரிந்தன, கரை தாழ்ந்தது.

1902 சனவரியில் உத்தரவு இரத்துச் செய்யப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 6,50,000 தொன் அகன்றுவிட்டது. அடுத்துவந்த புயல்களில் சில வீடுகள் வீழ்ந்தன. எஞ்சியவற்றைக் காக்க மதிலொன்று எழுப்பப்பட்டது. அது சில ஆண்டுகள் தாங்கியது.

1917 சனவரி 26ஆந் திகதி இரவு, கடும் கொண்டற்காற்றும் பெரும் கடற்பெருக்கும் ஒருங்கே வந்தன. அலைகள் கூரைகளுக்கு மேலாக எழுந்தன. மக்கள் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு இருளிலே மலைச்சரிவில் ஏறினர். மறுநாட் பெருக்கும் வந்து போனபின், குடியிருக்கத் தக்கதாய் எஞ்சியது ஒரே வீடு. ஓருயிரும் போகவில்லை என்பதொன்றே ஆறுதல்.

அவ்வாண்டு செப்டெம்பரிலேயே இவ்வூர்ப் பெண் எல்லா டிரவுட் என்பவர், மூழ்கிய கப்பலொன்றின் மாலுமியை, சிறுவனொருவனுடன் துடுப்பு வலித்துச் சென்று காப்பாற்றினார். வீட்டைப் பறித்த கடலுக்கே மீண்டும் சென்று பிறருயிரை மீட்ட அவருக்கு அரச விருது கிடைத்தது. ஊரவர் இழப்பீடு பெறவோ ஏழாண்டுகள் போராட வேண்டியிருந்தது. எஞ்சிய அந்த ஒற்றை வீட்டில் எலிசபெத் பிரெட்டிஜோன் என்ற மூதாட்டி, 1964இல் இறக்கும்வரை, பெயர மறுத்து வாழ்ந்தார்.

இளவேனிற்கால நண்பகலொன்றில் மலைமுகட்டுப் பாதையிலிருந்து நான் அவ்விடத்தைப் பார்த்தேன். பாறைமீது ஓரிரு சுவர்கள். கூரையில்லாத அறைகளுள் கடற்புட்கள். கடல் அன்று குளம்போல் அமைதியாயிருந்தது. அக்கடலைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அது தன் இயல்பின்படியே நடந்தது. அந்தக் கரையை நாடோறும் மிதித்து வாழ்ந்தவர்களின் சொல்லுக்கு உரிய காலத்தில் செவிசாய்க்காதவர்கள் மனிதரே. அவ்வூர்க் கல் இன்றும் பிளிமத்தின் துறைமதில்களுள் உறுதியாய் நிற்கிறது. அது காத்துநின்ற வீடுகளைத்தான் காணோம்.