தொட்ட காய்

ஐந்து முறை உலகச் சம்பியனான மனிசனுக்கு எதற்கு இந்தக் கூட்ட அறிக்கை வேலை? 2022 ஓகஸ்டில் விஸ்வநாதன் ஆனந்த் உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் பிரதித் தலைவராகத் தெரிவானபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடக்கிறது, இவர் சென்னையில் தேர்தலுக்கு நிற்கிறார். கல்முனைப் பக்கம் கழகத் தலைவர் என்றால் மாலையும் மைக்கும். அவர் எப்போதாவது பந்தை உதைத்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் விறாந்தையில் மஃரிபுக்குப் பிறகு பலகை விரியும். வாப்பாவுக்கு அரைமனது. ஷாபிஈ மத்ஹபில் சதுரங்கம் மக்ரூஹ், பந்தயம் வைத்தால் ஹராம் என்று மௌலவி சொல்லியிருந்தார். காக்கா விடமாட்டார். "தாபிஈ ஸஈத் இப்னு ஜுபைர் பலகையைப் பார்க்காமலே ஆடுவாராம், இமாம் ஷாபிஈயே சொல்லியிருக்காங்க வாப்பா."

"அவர் பலகைக்குத்தான் முதுகு காட்டினார். நீ பள்ளிக்கெல்லோ காட்டுறாய்."

அந்தக் காக்காவிடம் ஒரு சட்டம் மட்டும் இரும்பு. குதிரையில் விரல் பட்டுவிட்டால் குதிரைதான் போகணும். அழுதாலும் சரி. "பட்டது பட்டதுதான் தம்பி."

ஆனந்துக்கு முன்னும் பலகையிலிருந்து மேசைக்குப் போனவர்கள் உண்டு. டச்சுக்காரர் மக்ஸ் ஏவே 1935இல் அலெகைனை வென்று உலகச் சம்பியனானவர், 1970 முதல் 1978 வரை சம்மேளனத் தலைவர். 1972 ஜூலையில் ரெய்க்யாவிக்கில் உலகப் பட்டத்துக்கான போட்டி. சோவியத் சம்பியன் ஸ்பாஸ்கி வந்து காத்திருக்கிறார், எதிர்த்து ஆடவேண்டிய அமெரிக்கர் பிஷரைக் காணோம். ஏவே போட்டியை இரண்டு நாள் தள்ளிவைத்தார். சோவியத் தரப்பு கொதித்தது. விதியை மீறித்தான் தள்ளிவைத்தோம் என்று ஏவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதவியில் இருக்கும் தலைவர்! நம் பக்கத்துக் கழகங்களின் கடிதத் தலைப்பில் அப்படியொரு வரியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆடிப் பழகாதவனுக்கு அந்தக் கை வராது.

அந்தப் போட்டியில் வென்று சம்பியனான அதே பிஷர், மூன்று வருடம் கழித்து, வெற்றிகள் ஒன்பதுக்கு ஒன்பது என்று சமமானால் பட்டம் தனக்கே என்று பிடிவாதம் பிடித்தார். ஏவேயின் சம்மேளனம் மசியவில்லை. ஆடாமலே எதிராளி கார்ப்போவ் சம்பியன்.

ஏவேயை நினைத்ததும் ஆனந்த் மேல் இருந்த எரிச்சல் எனக்குப் போய்விட்டது. அடுத்த முறை உங்கள் ஊர்க் கழகத்தில் தலைவர் தெரிவு வந்தால், மாலையைக் கட்டுமுன் வேட்பாளரைப் பலகைக்கு முன்னால் இருத்துங்கள். தொட்ட காயை நகர்த்துகிறாரா, சுற்றிலும் பார்த்துவிட்டு விரலை எடுக்கிறாரா என்று பார்த்து வாக்குப் போடுங்கள்.